யார் என்று எழுதினால் சுவர் இடிந்துவிடுமா?

கொஞ்ச நாளாக இன்பொக்ஸ் முழுக்க அந்தக் கண்காட்சிப் படங்கள்தான். "பார்த்தீங்களா, பார்த்தீங்களா" என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்கு நேரிலேயே போய், ஒவ்வொரு பலகையாக நின்று வாசித்துவிட்டுத்தான் வந்தேன். அமைப்பாளர் தம்பி போட்ட விளக்கப் பதிவையும் வாசித்தேன். "இது அரசியல் கண்காட்சி அல்ல, நினைவுகளின் கண்காட்சி" என்கிறார். அதற்கு விழுந்த லைக்குகளில் எனக்குத் தெரிந்தவர்களுடையதும் நிறைய. சரி, அதனால்தான் எழுதுகிறேன்.

வடக்கின் இடப்பெயர்வுகள் பற்றிய கண்காட்சி. நல்ல வெளிச்சம், மூன்று மொழியிலும் எழுத்து, மெல்லிய இசை. யாழ்ப்பாண நகரமும் அடங்கிய வலிகாமத்தின் 1995 இடப்பெயர்வுக்கு ஒரு முழு அறை. வன்னிக்கு இன்னொரு அறை. வடக்கு முஸ்லிம்களான எங்களுக்கு, பின்வாசலுக்குப் போகிற ஒழுங்கையில் ஒரு பலகை. இடம் குறைவு என்று நான் சண்டை பிடிக்கவில்லை. ஒழுங்கையில் இருந்தாலும் வாசிக்கிறவர்கள் வாசிப்பார்கள். ஆனால் அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: யுத்தச் சூழல் காரணமாக 1990 இல் வட மாகாண முஸ்லிம்கள் தமது வாழிடங்களை விட்டுச் செல்ல நேர்ந்தது.

யுத்தச் சூழலாம். மாரி மழைக்கு வெள்ளம் வந்து சனம் மேட்டுக்குப் போனதுபோல.

தெரியாதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்ப் பக்கத்தில் சில நாள் தவணை கொடுத்தார்கள், நிறையப் பேர் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30. காலையில் ஒலிபெருக்கி பூட்டிய வாகனம் வந்தது, எல்லோரையும் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள், இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறு என்றார்கள். கையில் 150 ரூபாவும் மாற்றுடுப்பும். நகை, காணி உறுதி, கடைச் சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போ. யுத்தச் சூழல் எப்போதிருந்து ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கியது?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. யார் செய்தது என்று எழுதுங்கள். வசை எழுதச் சொல்லவில்லை. தீர்ப்பு எழுதச் சொல்லவில்லை. யார் என்று மட்டும்.

அதே கண்காட்சியில் 1981 நூலக எரிப்புப் பற்றி ஒரு பலகை இருக்கிறது. பொலிஸ்காரர்கள் எரித்தார்கள் என்று தெளிவாக இருக்கிறது. நவாலித் தேவாலயத்தில் 1995 இல் குண்டு போட்டது விமானப்படை என்று இருக்கிறது. செம்மணிப் புதைகுழிக்கு இராணுவம் என்று இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். அந்தப் பலகைகளின் முன்னால் நின்று நானும்தான் கண் கலங்கினேன். யார் என்று எழுதத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள். எங்கள் பலகைக்கு வந்ததும் பேனைக்கு மை முடிந்துவிட்டது.

இனி என் வீட்டுக் கதை. சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியாது என்று எனக்கே தெரியும்.

எங்கள் வாப்பா தையற்காரர். ஐந்து சந்திப் பக்கம் கடை. பாடசாலைச் சீருடைதான் பிரதான வேலை, தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தான் கூட. ஜனவரி வந்தால் வாப்பாவை வீட்டில் காண முடியாது. அன்றைக்கு உம்மா அடுப்பில் வைத்ததை இறக்காமலே வெளிக்கிட்டார். சோதனையிட்ட இடத்தில் ஒரு பெண் போராளி என் காதுத் தோட்டைக் கழற்றச் சொன்னார். திருகு இறுகிப்போய்க் கழரவில்லை. அவவே குனிந்து, நோகாமல், பொறுமையாகக் கழற்றினா. அந்தப் பொறுமையை நினைக்கத்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். இழுத்துப் பறித்திருந்தால் நேராக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

வாப்பாவின் தையல் மெஷினைப் பக்கத்து வீட்டு ரீச்சர் தன் வீட்டுக்குள் எடுத்து வைத்தார். "பாய், வரும்வரைக்கும் நான் வைத்திருக்கிறேன்" என்றாராம். தமிழர். எங்களுக்காக அழுத தமிழர்கள் அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்தார்கள், அதை மறந்தால் எனக்கு நல்ல சாவு வராது. ஐந்து வருடம் அந்த மெஷின் அவர் வீட்டில் இருந்தது. பிறகு 1995 ஒக்டோபர் 30. அதே ஒக்டோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுவதையும் புலிகள் தென்மராட்சிக்கு வெளிக்கிடச் சொன்னார்கள், இலட்சக்கணக்கில். ரீச்சரும் ஒரு பையோடு நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்றார். மெஷினைத் தூக்கிக்கொண்டா போக முடியும்?

அதே திகதி, அதே நகரம், ஐந்து வருட இடைவெளி. இரண்டு தடவையும் போ என்று சொன்னது ஒரே தரப்பு. ஒரு கண்காட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தாலே போதும், பார்க்கிற தமிழ்ப் பிள்ளைக்கு நாங்கள் யார் என்று விளங்கியிருக்கும். மாட்டவில்லை. மாட்டினால் யார் என்ற கேள்வி வரும்.

கொமெண்டில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

"அமைப்பாளர்கள் இளம் பிள்ளைகள், நல்ல நோக்கத்தோடு செய்தார்கள்." இருக்கட்டும். நோக்கத்தை யாரும் சுவரில் வாசிக்க முடியாது.

"கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படை தமிழரைக் கொன்றது." கொன்றது. 1990 இல் வீரமுனையில் நடந்தது பெரும் பாவம். எழுதுங்கள், யார் செய்தது என்றும் எழுதுங்கள், நான் வந்து பக்கத்தில் நிற்கிறேன். காத்தான்குடிப் பள்ளிவாசலில் அதே வருடம் ஓகஸ்ட் 3 ஆம் திகதி தொழுகையில் நின்ற முஸ்லிம்களைப் புலிகள் சுட்டதையும் எழுதுங்கள். ஆனால் ஐந்து சந்தியில் காற்சட்டைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்த மனுசனுக்கு வீரமுனைக் கணக்கில் என்ன பங்கு? என் தோட்டுக்கு என்ன பங்கு? ஊர்காவல் படையின் குற்றத்துக்கு ஒரு மாகாணத்துச் சனத்தையே அனுப்பலாம் என்றால், 1983 இல் கொழும்பில் தமிழருக்குச் செய்தவர்களும் இதே நியாயத்தைத்தானே சொன்னார்கள்? இதைச் சொன்னால் மட்டும் உங்களுக்குக் கோபம் வரும்.

"அதற்குத்தான் மன்னிப்புக் கேட்டாயிற்றே." இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆமாம், 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். பக்கத்தில் பிரபாகரன் இருந்தார். அப்படியென்றால் செய்தவர்களே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நீங்கள் யாருக்காக மறைக்கிறீர்கள்? இயக்கம் சொன்னதைவிட உங்கள் பலகை குறைவாகச் சொல்கிறதே, தம்பி.

"முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு இதைப் பேசத்தான் வேண்டுமா?" இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குச் சட்டென்று பதில் வராது. 2009 மே மாதம் கொழும்பில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். நாங்கள் அகதியாகப் போய்ச் சேர்ந்த புத்தளத்தில், எங்கள் வீட்டில் அன்றைக்கு உம்மா சமைக்கவில்லை. ரீச்சரின் மகள் குடும்பத்தோடு உள்ளே நின்றாள் என்று அவருக்குத் தெரியும். அந்த அழிவோடு எங்களுடையதை நான் ஒருநாளும் தராசில் வைத்ததில்லை, வைக்கவும் மாட்டேன். ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாக எங்களுக்கு ஒரே பதில்தான்: இப்போது வேண்டாம். யுத்தம் நடக்கும்போது போராட்டம் பலவீனமாகும் என்றார்கள். சமாதான காலத்தில் பேச்சுவார்த்தை குழம்பும் என்றார்கள். யுத்தம் முடிந்ததும் காயம் ஆறவில்லை என்கிறார்கள். எங்கள் முறை எப்போது வரும் என்று ஒரு திகதி சொன்னால் வசதியாக இருக்கும், லீவு போட வேண்டும்.

"அரசாங்கம் இதைப் பயன்படுத்தும்." பயன்படுத்தியாயிற்று. ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கென்று ஜெனீவாவுக்குப் போகும்போதெல்லாம் எங்களைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். வந்ததும் பையைத் திறக்கவே இல்லை. எங்கள் வெளியேற்றத்துக்கென்று எந்த அரசும் தனி ஆணைக்குழு வைக்கவில்லை. கடைசியில் சிவில் அமைப்புகள் கூடி ஒரு குடிமக்கள் ஆணைக்குழு அமைத்து, மாவட்டம் மாவட்டமாகச் சாட்சியம் கேட்டு, 2011 இல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த அறிக்கை இருக்கிறது. பலகை எழுதியவர்கள் அதைப் புரட்டியிருந்தாலே போதும்.

வெளிநாட்டு உதாரணம் காட்டினால்தான் நம்மவர்களுக்குப் பிடிக்கும் என்பதால் அதையும் சொல்கிறேன். தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று ஒரு பகுதி. 1966 இல் அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள், பிறகு ஏறத்தாழ 60,000 பேரை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். 1994 இல் அங்கே ஒரு பழைய மெதடிஸ்த தேவாலயத்தில் நூதனசாலை திறந்தார்கள். தரையில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடம். வெளியேற்றப்பட்டவர்கள் குனிந்து தங்கள் வீடு நின்ற இடத்தில் தங்கள் கையாலேயே பெயரை எழுதினார்கள். யார் விரட்டியது, எந்தச் சட்டத்தால் விரட்டியது என்பதை அங்கே ஒளிக்கவில்லை.

போலந்தையும் பாருங்கள். 1968 இல் அந்த நாட்டு ஆட்சி நடத்திய யூத எதிர்ப்புப் பிரசாரத்தால் 13,000 யூதர் அளவில் நாட்டை விட்டுப் போனார்கள். ஐம்பது வருடம் கழித்து, 2018 இல், வார்சோவின் யூத வரலாற்று நூதனசாலை அதைப் பற்றிக் கண்காட்சி வைத்தது. இன்றைக்குப் பேசப்படும் வெறுப்புப் பேச்சையும் சேர்த்தே வைத்தார்கள். அங்கேயும் அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. இயக்குநர் டரியுஷ் ஸ்டோலா மறுபடியும் தெரிவானபோதும் அமைச்சர் நியமனக் கடிதம் கொடுக்கவில்லை, அவர் பதவி போயிற்று. பெயர் சொல்வதற்கு விலை இருக்கிறது, எனக்கு விளங்காமல் இல்லை. இங்கே உங்களுக்கு என்ன போகும்? கொஞ்சம் லைக் போகும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இதே யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன் 2011 இல் கொண்டுவந்த தோம்பு (பழைய காணிப் பதிவேட்டின் பெயர்) நூலில், வீடிழந்தவர்கள் நினைவிலிருந்து தங்கள் வீட்டைக் கீறினார்கள். தமிழரும் கீறினார்கள், முஸ்லிம்களும் கீறினார்கள். யாரும் யாரையும் ஒழுங்கைக்கு அனுப்பவில்லை. தமிழ் அரசியல்வாதி சுமந்திரன் நடந்ததை இனச்சுத்திகரிப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார், அதற்காகச் சொந்தச் சனத்திடமே வசை வாங்கினார். சொல்கிற தமிழர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் சொல்லாதவர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

உண்மையைச் சொல்லப்போனால் பலகை மட்டும் இல்லை பிரச்சினை. ஒருவரும் கேட்கவில்லை. பலகை எழுதும் முன் ஐந்து சந்திக்கு ஒரு எட்டு வந்து, பள்ளிவாசலடியில் நிற்கிற ஒரு முதியவரிடம் "அப்பா, என்ன நடந்தது" என்று கேட்கவில்லை. நாங்கள் ஏதோ அழிந்துபோன இனம்போல எங்கள் பொருளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். தம்பி, திரும்பி வந்த குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன, பாதி வீட்டில் கூரையில்லாமல். கொஞ்சப் பேர் வந்து, தண்ணீரில்லை, வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயரில்லை என்று புத்தளத்துக்கே திரும்பிவிட்டார்கள். புத்தளத்தில் பதிவு இருப்பதால் இங்கே வீடு இல்லை என்கிறார்கள். இங்கே பதிந்தால் அங்கே பிள்ளைக்குப் பாடசாலை இல்லை. மன்னார் முசலிப் பக்கம் திரும்பியவர்கள் ஊரைத் துப்புரவாக்கினால் வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று தெற்கில் கூச்சல். அவர்கள் இல்லாத காலத்தில் காடு வளர்ந்தது, 2012 இல் வர்த்தமானி போட்டு அதை ஒதுக்குக் காடாக்கினார்கள். எங்கள் அரசியல்வாதிகளைப் பற்றிக் கேட்காதீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் பஸ் அனுப்புவார்கள், வாக்குப் போட்டதும் திரும்பி வர பஸ் இருக்காது.

புத்தளத்தில் நாங்கள் அகதி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் புத்தளத்தார். உங்கள் கண்காட்சியில் நாங்கள் யுத்தச் சூழல்.

இதைக் கொழும்புக்கும் கொண்டுபோகிறீர்களாம், அதற்குக் கலந்துரையாடலுக்கு வரச் சொல்லி எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. ஆங்கிலத்தில். நான் வரமாட்டேன், உம்மாவுக்கு அந்த வாரம் கிளினிக். பலகையை மாற்றினால் அறியத்தாருங்கள், மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்துகொள்வோம். ஆனால் ஒழுங்கையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிற எங்கள் வீட்டு உறுதியின் பிரதியை மட்டும் கொழும்புக்கு ஏற்றாதீர்கள். அது உங்களுக்கு நினைவுப்பொருள். பிரதேச செயலகத்தில் எங்கள் காணிக் கோப்பு இன்னும் முடியவில்லை, வாப்பா பெயரில் இருக்கிற வேறு கடதாசி எங்களிடம் கிடையாது. திங்கட்கிழமை என் தம்பி வந்து எடுத்துக்கொள்வான், வாசலில் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.