அயர்ன் ஷாட்டில் பந்தை அள்ள வேண்டாம்

கோல்ஃபில் அயர்னால் (மெல்லிய உலோகத் தலை கொண்ட மட்டை) அடிக்கும்போது பந்து உயர எழ, மட்டையை அடியில் விட்டு அள்ளித் தூக்க வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல, நண்பரே. பந்தை எழுப்புவது மட்டை முகத்தின் சாய்வு. 7ஆம் எண் அயர்னில் அதுவே சுமார் 30 டிகிரி. மட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போதே முதலில் பந்தில் பட வேண்டும், பிறகுதான் புல்லில். அள்ளப் போனால் வலக்கை ஆட்டக்காரரின் எடை வலக்காலிலேயே தங்கிவிடும். மட்டை பந்துக்குப் பின்னால் தரையில் இடிக்கும், இல்லையென்றால் அதன் கீழ்விளிம்பு பந்தின் நடுவில் படும்.

நீங்களே பாருங்கள்: புல்மேல் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டு, அது இரு பாதங்களுக்கும் நடுவே வரும்படி நின்று, பந்தில்லாமல் பத்து முறை வீசுங்கள். புல் பெயரும் தடம் கோட்டிலோ, இலக்குப் பக்கம் சற்றுத் தள்ளியோ தொடங்க வேண்டும். பின்னால் தொடங்கினால் பெரும்பாலும் எடை நகரவில்லை என்று பொருள். செயற்கைப் பாயில் சோதிக்காதீர்கள். மட்டை வழுக்கிக்கொண்டு போய்த் தவறை மறைத்துவிடும்.