அது 1971 ஆல்பம் அல்ல

"1971-இல் இங்கிலாந்தில் பதிவாகி, தொலைந்துபோய், இப்போது கிடைத்த ஆல்பம்; புல்லாங்குழல் வாசிப்பவர் ஜெத்ரோ டல் குழுவின் அயன் ஆண்டர்சன்" என்று ஒரு பாட்டுத் துணுக்கோடு வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அது கனடாவின் டொராண்டோ நகரத்து பிளட் செரிமனி குழுவின் முதல் ஆல்பம். குழுவின் பெயரேதான் ஆல்பத்துக்கும். ரைஸ் அபவ் ரெகார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் 2008-இல் வெளியிட்டது. பாட்டு, புல்லாங்குழல், ஆர்கன் மூன்றும் அலியா ஓ'பிரையன்.

கேட்டவுடன் ஏமாறுவதில் வியப்பில்லை. பிளாக் சபாத் என்ற பழைய ராக் குழுவின் பாணியில் இழுத்து இழுத்து நகரும் கனத்த கிட்டார், அதன்மேல் மூச்சுக்காற்று சீறத் தெறிக்கும் குழல், பின்னணியில் ஆர்கன். எழுபதுகளின் வாசனை வேண்டுமென்றே ஏற்றியது. (சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியே 1968-இல் கொஞ்ச நாள் ஜெத்ரோ டல்லில் இருந்தவர்தான். ஆகவே கனத்த கிட்டாரும் குழலும் சேர்வது அப்படியொன்றும் விசித்திரமில்லை.)

சந்தேகம் இருந்தால் ஆல்பத்தின் உறையில் அச்சான ஆண்டையும் கலைஞர் பட்டியலையும் பாருங்கள். ஆல்பங்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளத்திலும் தேடலாம். பாட்டைத் தாராளமாகப் பகிருங்கள், நல்ல பாட்டு. அந்த 1971 கதையை மட்டும் தயவுசெய்து இனி ஃபார்வர்டு செய்யாதீர்கள்.