கிலோவைப் பிடுங்கியதால் கிடைத்த கிறிஸ் ஹோய்

பிரிட்டனின் டிராக் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய் பெயரை எடுத்தாலே ஆறு ஒலிம்பிக் தங்கம், ஒரு வெள்ளி, 'சர்' பட்டம் என்று அடுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த எண்ணிக்கையை ஏழு தங்கத்தோடு இன்னொரு பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் ஜேசன் கென்னி எப்போதோ தாண்டியாயிற்று. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இந்த எடின்பரோக்காரர் விளங்க மாட்டார். 2005-இல் நடந்ததை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஏதென்ஸில் தங்கம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருடைய போட்டியையே ஒலிம்பிக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அந்தப் போட்டிக்குப் பெயர் 'கிலோ'. 1,000 மீட்டர், 250 மீட்டர் டிராக்கில் நாலு சுற்று. பக்கத்தில் எதிராளி கிடையாது, கடிகாரம் மட்டும்தான். சைக்கிளில் பிரேக் இல்லை, மிதிக்காமல் உருள விடுகிற ஃப்ரீவீல் இல்லை, ஒரே கியர். பின்சக்கரத்தை ஸ்டார்ட் கேட் கவ்விப் பிடித்திருக்கும். பீப் சத்தம் எண்ணிக்கொண்டே வரும்போது இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, கேட் திறக்கிற அதே கணத்தில் முன்னால் வீச வேண்டும். முந்தினால் பூட்டியிருக்கிற சக்கரத்தில் முட்டி வேகமெல்லாம் அங்கேயே செத்துவிடும். பிந்தினால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு போயிற்று. இந்த மட்டத்தில் அது பதக்கத்தின் நிறத்தையே மாற்றிவிடும்.

கியர் தேர்வு இன்னொரு தலைவலி. சின்ன கியர் என்றால் கிளம்புவது சுலபம், ஆனால் வேகம் ஏறிய பிறகு கால் அந்தச் சுழற்சிக்கு ஈடுகொடுக்காது. பெரிய கியர் என்றால் முதல் அரைச் சுற்றிலேயே தொடை காலியாகிவிடும். எதைப் போட்டாலும் கடைசிச் சுற்று நரகம்தான். லாக்டிக் அமிலம் ஏறி, கண் இருட்டி, முடிந்ததும் டிராக் ஓரத்தில் வாந்தி எடுப்பவர்கள் உண்டு.

ஏதென்ஸில் உலக சாம்பியன் என்பதால் ஹோய்க்குக் கடைசி முறை. அதாவது, மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓட்டி முடிப்பதைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். ஷேன் கெல்லி 1:01.224, அதாவது ஒரு நிமிடம் 1.224 விநாடி. ஸ்டெஃபான் நிம்கே 1:01.186. பிரான்ஸின் அர்னோ தூர்னான் 1:00.896. அதற்குப் பிறகு இறங்கி 1:00.711 ஓட்டினார் ஹோய். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, சராசரியாக மணிக்கு 59 கிலோமீட்டர்.

கிலோவைத் தூக்கியது எதற்காக? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிஎம்எக்ஸுக்கு, அதாவது மேடுபள்ளப் பாதையில் சின்னச் சைக்கிளில் ஓட்டும் பந்தயத்துக்கு, இடம் வேண்டுமாம். ஹோய் ஏழு வயது முதல் பதினாலு வயது வரை ஓட்டியது அதே பிஎம்எக்ஸ்தான். பிறந்த வீடே வந்து சீரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன மாதிரி. தவறான முடிவு என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. ஏமாற்றவோ ஒளியவோ முடியாத, பார்ப்பவருக்கு விளக்கவே தேவையில்லாத போட்டி அது.

2007 மே மாதம் பொலிவியாவின் லா பாஸ் போய் கிலோவில் உலக சாதனைக்கு முயன்றார். 3,400 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கால் பங்குக்கு மேல் குறைவு, அதனால் எதிர்க்காற்றின் தடையும் குறைவு. ஆனால் அதே மெல்லிய காற்றைத்தானே மூச்சாகவும் இழுக்க வேண்டும்? அங்கேயே 2001-இல் தூர்னான் வைத்த சாதனை 58.875. ஹோய் ஓட்டியது 58.880. அந்த வேகத்தில் 0.005 விநாடி என்பது எட்டு சென்டிமீட்டர் சொச்சம், ஒரு சாண்கூட இல்லை. அந்தப் பயணத்திலேயே முன்பே வேகமெடுத்து வந்து தொடங்கும் 500 மீட்டரில் 24.758 விநாடி என்று உலக சாதனை வைத்தார். பலரும் அதை ஆறுதல் பரிசாகப் பார்த்தார்கள். மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தை அரைக் கிலோமீட்டர் இழுத்துப் பிடிக்க முடிகிறவர் என்றால், கிலோ போன பிறகு அவர் திரும்பிய கெய்ரின் என்ற போட்டியில் எதிரே நிற்பவர்களுக்கு அதைவிடக் கெட்ட செய்தி வேறில்லை.

கெய்ரினில் ஆறேழு பேர் ஒரு மோட்டார் வண்டியின் பின்னால் வரிசையாகப் போவார்கள். வண்டி 30-இலிருந்து 50 கிலோமீட்டர் வேகம் வரை ஏற்றிவிட்டு விலகும். அன்றைய விதிப்படி அதன்பின் இரண்டரைச் சுற்று, அதாவது 625 மீட்டர் பாக்கி. பாடப்புத்தகம் என்ன சொல்லும்? பின்னால் ஒளிந்திரு, முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்கட்டும், கடைசி அரைச் சுற்றில் தாண்டு. ஹோய் இதைத் தலைகீழாகச் செய்தார். சீக்கிரமே முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு வேகத்தை ஏற்றிக்கொண்டே போவார். அவரைத் தாண்ட நினைப்பவர், கிண்ணம்போல் சாய்ந்த டிராக்கின் சரிவில் மேலே ஏறி வெளிவட்டத்தில் போக வேண்டும். ஒரு மீட்டர் மேலே போனால்கூட ஒரு சுற்றுக்கு நாலைந்து மீட்டர் கூடுதல் தூரம். முன்னால் இருப்பவர் களைத்தால்தான் அந்தக் கடனை அடைக்க முடியும். கிலோ ஓட்டிப் பழகிய கால் 625 மீட்டரில் களைக்குமா?

அதே 2007-இல் கெய்ரினில் உலக சாம்பியன். 2008 மான்செஸ்டரில், இருவர் நேருக்கு நேர் மோதும் தனிநபர் ஸ்பிரிண்டிலும் உலக சாம்பியன். 1954-இல் ரெஜ் ஹாரிஸுக்குப் பிறகு எந்த பிரிட்டிஷ் ஆணும் தொடாத பட்டம். அவ்வளவு வருடமும் இவரை யாரும் ஸ்பிரிண்ட்காரர் என்று நினைத்ததில்லை. பெய்ஜிங்கில் மூன்று பேர் அணியாக ஓட்டும் டீம் ஸ்பிரிண்ட், கெய்ரின், ஸ்பிரிண்ட், மூன்றிலும் தங்கம். கிலோ அட்டவணையில் இருந்திருந்தால் அதை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் போயிருப்பார் என்பதே என் கணிப்பு.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் வயது 36. ஒரு பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒருவர்தான் என்ற புது விதியால் ஸ்பிரிண்ட் இடம் கென்னிக்குப் போயிற்று. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, கென்னி தங்கத்தோடு வந்தார். டீம் ஸ்பிரிண்ட் தங்கம் முடிந்து ஹோய்க்கு மிச்சம் கெய்ரின் மட்டும். வழக்கம்போல முன்னால் போனார். கடைசிச் சுற்றில் ஜெர்மனியின் மாக்ஸிமிலியன் லெவி மேலே வந்து முந்தியே விட்டார். அந்த இடத்தில் பெரும்பாலோர் கதை முடிந்துவிடும். ஹோய் மட்டும் கீழ்க்கோட்டை விட்டு நகரவில்லை. குறுகிய தூரம் அவர் கையில். நீண்ட தூரம் ஓட வேண்டியவர் லெவி. கடைசி வளைவில் உள்பக்கமாக மறுபடி ஏறி வந்தார் ஹோய். லெவிக்கு வெள்ளி. பின்னால் டியூன் முல்டரும் சைமன் வான் வெல்ட்ஹூவனும் ஒரே கணத்தில் கோட்டைத் தொட்டதால் வெண்கலம் இரண்டு பேருக்கு.