காரிடார் மேல என்ன கோபம்?

ஜப்பானிய ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் வீடியோ கேம்) பேச்சு வந்தாலே "ஒரே காரிடார்ல நேரா நடக்க விடுறான்" என்ற புகாரும் கூடவே வரும். அதில் எப்போதும் மாட்டுவது 2009 டிசம்பரில் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 13. சரி, அதே ஆட்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஃபைனல் ஃபேன்டஸி 10 (2001, பிளேஸ்டேஷன் 2, சுருக்கமாக பிஎஸ்2) மட்டும் என்ன பரந்த மைதானமா? பெசைட், கிலிகா, லூக்கா, மிஹென் நெடுஞ்சாலை, மூன்ஃப்ளோ, மக்கலானியா என்று ஒரே நூலில் கோத்த ஊர்கள். அடுத்து எந்தப் பக்கம் என்று மினிமேப்பில் (திரை மூலையில் தெரியும் குட்டி வரைபடம்) அம்புக்குறி வேறு. முந்தைய பாகங்களில் சுற்றித் திரிந்த உலக வரைபடத்தைத் தூக்கியதே இதில்தான்.

(இனி ஸ்பாய்லர். ஆடாதவர்கள் கடைசிப் பத்திக்குத் தாவிவிடலாம்.)

பத்தாம் பாகம் ஒரு யாத்திரை. சம்மனர் யூனா கோயில் கோயிலாகப் போய் ஏயான்களை (சம்மனர் சண்டைக்கு அழைக்கும் பெரும் உயிர்கள்) பெற்று, கடைசியில் சனார்கண்டில் இறுதி ஏயானை வாங்கி, 'சின்' என்ற அரக்கனை ஒழிக்க வேண்டும். யாத்திரைக்கு வழி ஒன்றுதானே? "வா, சீக்கிரம் சனார்கண்ட் போகலாம்" என்று கதாநாயகன் டைடஸ் அவளை உற்சாகப்படுத்திக்கொண்டே வருவான். ஆட்டம் பாதிக்கு மேல் போனபின், அல் பெட் இனத்தாரின் இருப்பிடமான ஹோமில்தான் அவனுக்கு உண்மை உடைகிறது: இறுதி ஏயானை அழைத்தால் அழைத்தவள் பிழைக்க மாட்டாள். கூட நடந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் அவனும், கண்ட்ரோலர் பிடித்த நாமும்தான். அதுவரை முன்னால் தள்ளிய ஒவ்வொரு அடியும் அவளைச் சாவுக்குத் தள்ளிய அடி. வழியில் நாலு கிளைச்சாலை இருந்திருந்தால் இந்த வலி வராது. சனார்கண்டில் அந்த வழக்கத்தையே அவர்கள் மறுத்த பிறகுதான் பறக்கும் கப்பல் இஷ்டப்படி நம் கைக்கு வரும். கதையில் கட்டு அவிழும்போது ஆட்டத்திலும் அவிழ்கிறது.

கேமராவையும் சொல்லணும். பத்தில் அது நம் கையில் இல்லை. எங்கே தள்ளி நின்று ஆளைப் புள்ளியாக்குவது, எங்கே பக்கத்தில் வருவது என்பதெல்லாம் முன்பே முடிவானது. பதின்மூன்றில் கேமரா முதுகுக்குப் பின்னாலேயே வரும். ப்ரெஷா ஏரியில் அலைகள் எழும்பிய நிலையிலேயே படிகமாக நிற்கும், வாயைப் பிளக்க வைக்கும் காட்சி. ஆனால் நம் கண் முதுகிலும் மினிமேப்பின் ஒல்லிக் கோட்டிலும்தான் இருக்கும். தங்கிப் பேச ஊர் இல்லை, கடைகூட சேவ் பாயிண்டுக்குள்தான். கதையில் வரும் ஃபால்சி, லசி, சீத் எல்லாம் யார் என்று தெரிய டேட்டாலாக் என்ற குறிப்பேட்டைத் திறந்து பாடம் படிக்கணும்.

பதின்மூன்றின் 11ஆம் அத்தியாயத்தில் கிரான் பல்ஸ் சமவெளி விரிகிறது. கேட்ட அகலம் கிடைத்துவிட்டதா? கிடைத்தது. ஆனால் அங்கே உயிரோடு ஒரு மனுஷன் இல்லை, 64 மிஷன்களையும் தருவது கற்கள். ஆக, குறை பாதையின் அகலத்தில் இல்லவே இல்லை. அந்தப் பாதையில் பேச ஆள் இல்லாததுதான்.

ஆடப்போகிறவர்களுக்கு: பதின்மூன்றை மூன்றாம் அத்தியாயம் தாண்டாமல் மூடிவிடாதீர்கள், பாரடைம் (சண்டையில் அணியினரின் பொறுப்புப் பிரிவு) மாற்றும் வசதி அங்கேதான் வரும், சண்டையின் ருசியே அதுதான். பாத்திரங்களின் பலத்தை ஏற்றும் கிரிஸ்டேரியம் வளர்ச்சிக்கு அத்தியாயத்துக்கு அத்தியாயம் உச்சவரம்பு உண்டு. அதைத் தொட்டபின் அங்கேயே சுற்றி அடித்துக்கொண்டிருப்பது வெட்டி வேலை. தோற்றால் ரீட்ரை சண்டைக்குச் சற்று முன்னாலேயே விடும். பத்தில் அந்தக் கருணை கிடையாது. யூனலெஸ்கா என்ற பெரிய எதிரி இரண்டாம் உருவில் ஹெல்பைட்டர் தாக்குதலால் எல்லோரையும் ஜாம்பி ஆக்குவாள். பதறிப்போய் ஹோலி வாட்டர் என்ற மருந்தால் அத்தனை பேரையும் குணமாக்கினால், மூன்றாம் உருவில் மெகா டெத் தாக்குதல் மொத்தமாகச் சாய்த்துவிடும். ஜாம்பியாக இருப்பவனை அது கொல்லாது, ஒருவரையாவது அப்படியே விட்டுவையுங்கள். இல்லையென்றால் பிஎஸ்2வில் அந்த நீளக் கட்சீன் (கதைக்காட்சி) மறுபடி முதலிலிருந்து, தாண்ட வழியே இல்லை. இன்னொன்று: எச்டி ரீமாஸ்டரில் (மெருகேற்றிய மறுவெளியீடு) பத்தை ஆடினால், பெசைட் கோயிலில் டிஸ்ட்ரக்ஷன் ஸ்ஃபியரால் திறக்கும் பெட்டியை முதல் தடவையே எடுத்துவிடுங்கள். அனிமா என்ற ஏயானைப் பெற அது வேண்டும். கப்பல் கிடைத்தபின் திரும்பிப் போனால் ஊர் வாசலில் டார்க் வேலஃபோர் என்ற கொடிய எதிரி நிற்கும், அந்த நேரத்து பலத்தில் ஒரு அடி தாங்காது.