அதிர்வு மெஷினும் 400 கிராமும்

தட்டின் மேல் நின்றால் போதும், அது அதிர்ந்தே எடையைக் குறைத்துவிடும் என்று விற்கிறார்களே, அந்த மெஷின் மேல் மூன்று மாதம் தினமும் பத்து நிமிடம் நின்றேன். எடை 400 கிராம் குறைந்தது. காலையில் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் எடைக்கருவி அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

முதல் நாள் முழங்காலை விறைப்பாக வைத்து நின்றுவிட்டேன். அதிர்வு நேராக மண்டைக்கு ஏறி, பல்லோடு பல் கடகடத்தது. மனைவியிடம் "நிறுத்து" என்றேன். "நி-நி-நி" என்றுதான் வந்தது. அவள் சிரித்து முடித்த பிறகே சுவிட்சை அணைத்தாள். இறங்கியதும் கெண்டைக்காலில் ஒரே அரிப்பு. கொழுப்பு கரைகிறது என்று அப்போது நம்பினேன். தோலில் ரத்த ஓட்டம் கூடினால் அப்படி அரிக்கும், அவ்வளவுதான்.

அதற்காக முழுக்க ஏமாற்று என்றும் சொல்லமாட்டேன். தட்டு நொடிக்கு 20, 30 முறை அசையும்போது, தசை இழுபடுவதை உணரும் நரம்பு முனைகள் தூண்டப்பட்டு, நாம் நினைக்காமலேயே தசை சுருங்குகிறது. வயதானவர்களுக்கும் நடமாட்டம் குறைந்தவர்களுக்கும் கால் பலம் ஓரளவு கூடுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எலும்பு விஷயம் அப்படியில்லை. மாதவிடாய் நின்ற 202 பெண்களை வைத்து, குறைந்த விசையுள்ள அதிர்வில் ஓராண்டு நடந்த கனடா ஆய்வு 2011-இல் வெளியானது. எலும்பு அடர்த்தியில் பலன் தெரியவில்லை.

எடைக்கு வருவோம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். சும்மா நிற்பதைவிட, அதிர்வில் பத்து நிமிடம் நின்றால் 20 கலோரி கூடுதலாகப் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 385 நாள் ஆகும், ஒரே ஒரு கிலோவுக்கு! இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டிருக்கலாம். நமக்குத்தான் விளம்பரத்தில் வரும் வயிற்றைப் பார்த்ததும் கணக்கு மறந்துபோகிறதே.

2017-இல் "நின்றாலே உடற்பயிற்சி" என்று செய்திகள் பறந்தன. அந்த ஆய்வு எலிகளிடம் நடந்தது. அதுவும் மரபணுக் கோளாறால் அளவில்லாமல் தின்று கொழுத்து, சர்க்கரை நோய் வந்த எலிகள். மனிதர்களுக்கு நல்ல பலன் காட்டியதாக எல்லோரும் காட்டும் பெல்ஜியம் ஆய்விலோ, அவர்கள் உணவைக் குறைத்திருந்தார்கள். தட்டின் மேல் குந்தி எழுந்து பயிற்சியும் செய்தார்கள். விற்பவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு "நில்லுங்கள், போதும்" என்பதை மட்டும் சொல்கிறார்கள். என் கோபம் அதன் மேல்தான். கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் ஏறக்கூடாது என்பதோ கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது.

என் மெஷின் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தினமும் அதன் மேல் ஐம்பது முறை ஏறி இறங்குகிறேன். படி உயரம் கச்சிதமாக இருக்கிறது.