நிலாவுக்குப் போன லைட்டு கம்பி

(கல்யாண மண்டபத்துல ரிசப்ஷன். ஏழு மணிக்கு மேடை ஏற வேண்டிய பொண்ணு எட்டரை ஆகியும் மேக்கப் ரூமவிட்டு வெளிய வரல. வீடியோ எடுக்குற செல்வமும் லைட்டு பிடிக்குற பாண்டியும் ஸ்பீக்கர் பாக்ஸ் மேல உக்காந்திருக்காங்க.)

பாண்டி: அண்ணே இதப் பாருங்கண்ணே, யாரோ டெலஸ்கோப்ல நிலாவ எடுத்திருக்காரு, ஒரு கருப்பு புள்ளி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சர்ருன்னு போகுது, ஏலியன் கப்பலாம்.

செல்வம்: எத்தன செகண்ட்ல கடக்குது?

பாண்டி: ரெண்டு செகண்டு இருக்கும்.

செல்வம்: நிலா இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம் 3,474 கிலோமீட்டர்டா. அது நெசமாவே நிலாகிட்ட பறக்குதுன்னா மணிக்கு 60 லட்சம் கிலோமீட்டர் தாண்டுது. நாம அனுப்புற விண்கலம் தாழ்வா ஒரு ரவுண்டு வரவே ரெண்டு மணி நேரம் ஆகும்.

பாண்டி: ஏலியன் வேகமாத்தான போவான், அவனுக்கென்ன ஸ்பீட் பிரேக்கரா போட்டிருக்கு?

செல்வம்: சரி வேகத்த விடு, சைஸப் பாரு. நிலா இருக்கறது 3,84,400 கிலோமீட்டர் தள்ளி. மாடில வெக்கிற டெலஸ்கோப்புக்கு ரெண்டு கிலோமீட்டருக்குக் கம்மியான சாமான் எல்லாம் அங்க உருவமாத் தெரியாது. இது இவ்ளோ பெருசாத் தெரியுதுன்னா அந்தக் கப்பலு நம்ம பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்சு இந்த மண்டபத்தத் தாண்டி பைபாஸ் வரைக்கும் நீளம்.

பாண்டி: கூட்டுக் குடும்பமா வந்திருப்பாங்கண்ணே.

செல்வம்: வௌவாலா இருக்கும்டா, இல்ல பலூனு, இல்ல சாட்டிலைட்டு. தலைக்கு மேல 400 கிலோமீட்டர்ல சுத்துற ஸ்பேஸ் ஸ்டேஷனே நிலாவுக்குக் குறுக்க வந்தா ஒரு செகண்டுக்குள்ள ஓடிரும். தூரம் தெரியாம சைஸச் சொல்லவே முடியாது.

பாண்டி: சீனாக்காரன் பாத்த குடிசை? 2021 டிசம்பர்ல, அவங்க நிலாவுல விட்ட யூட்டு-2 வண்டி எடுத்த படம், நிலாவோட பின்பக்கம், சதுரமா, தெளிவா. அதுவும் வௌவாலா?

செல்வம்: அது கிட்டத்தட்ட 80 மீட்டர் தள்ளி நின்னு எடுத்த படம். அடுத்த மாசமே வண்டிய மெதுவா ஓட்டிக் கிட்டப் போனாங்க. கல்லு. சின்னக் கல்லு.

பாண்டி: அடப்பாவமே, நான் அதுக்கு பட்டா யாரு பேர்லன்னு வரைக்கும் யோசிச்சு வெச்சிருந்தேன். சரி, 2024 மார்ச்சுல நிலாவச் சுத்துற நாசா விண்கலம் எல்ஆர்ஓவே எடுத்துச்சே, நிலாவுக்கு மேல நீட்டமா வெள்ளிப் பலகை கணக்கா ஒண்ணு!

செல்வம்: அது கொரியாக்காரன் அனுப்பின தனுரி விண்கலம். ரெண்டும் எதிரெதிரா, மணிக்கு 11,500 கிலோமீட்டர் வேகத்துல கடந்துச்சு, ஷட்டர் திறந்திருந்தது 0.338 மில்லிசெகண்டு, அதுக்குள்ள உருவம் பத்து மடங்கு இழுத்துருச்சு. போன வாரம் சங்கீத்ல மாப்ள தங்கச்சி ஆடுச்சே, கைய நான் எப்படி எடுத்தேன்?

பாண்டி: நாலு முழத்துக்கு இருந்துச்சு. அவங்கம்மா மண்டபம் முழுக்க உங்களத் தேடுனாங்க.

செல்வம்: அதேதான்.

பாண்டி: இருங்க, கடைசியா ஒண்ணு வெச்சிருக்கேன். 1972, நிலாவுக்கு ஆளுங்க போன அப்போலோ 16, திரும்பி வரும்போது ஜன்னல் வழியா எடுத்த ஃபிலிம், நாலு செகண்டுதான், தட்டு மாதிரி, மேல கும்பாவக் கவுத்த மாதிரி ஒரு மேடு, இது நெட்டுல எவனோ செஞ்சதில்ல, நாசா ஃபிலிம். இதுக்கு என்ன சொல்லுவீங்க?

செல்வம்: (சிரிப்ப அடக்கிக்கிட்டு) வேணாம்டா.

பாண்டி: சொல்லுங்கண்ணே.

செல்வம்: வர்ற வழில ஒருத்தர் கலத்த விட்டு வெளிய வந்து வேல பாக்கணும், அதுக்கு வெளிச்சம் வேணும்னு வெளிப்பக்கம் ஒரு கம்பி நீட்டி அதுல லைட்டு மாட்டியிருந்தாங்க. அதுதான் ஃபிரேம்ல வந்துருச்சு. 2004ல ஃபிலிம அலசிப் பாத்து நாசாவே சொன்னது.

பாண்டி: (எந்திரிச்சு நின்னுட்டான்) லைட்டு கம்பியா?

செல்வம்: லைட்டு கம்பி.

பாண்டி: 1972ல எடுத்தது 2004லதான் தெரிஞ்சுதா? 32 வருஷம்! அவ்ளோ படிச்சவங்களுக்கே லைட்டு கம்பி ஃபிரேம்ல வரும், ஆனா அந்த வளைகாப்பு வீடியோல என் ஸ்டாண்டு காலு ஒரு ஓரமா வந்ததுக்கு நீங்க சம்பளத்துல ஐநூறு ரூவா பிடிச்சீங்க.

செல்வம்: டேய், பேச்சு நிலாவப் பத்தி.

பாண்டி: நானும் அதைத்தான் பேசுறேன். நாசால யாரு சம்பளத்துல பிடிச்சாங்க?

செல்வம்: கத்தாதடா, சமையக்கட்டு வரைக்கும் கேக்குது.

பாண்டி: அப்ப நிலாவுல எடுத்த எதுவுமே நெசமில்லையா?

செல்வம்: ஏன் இல்ல? 2019 ஜனவரி 21, சந்திர கிரகணம், இருண்ட நிலா ஓரத்துல பளிச்சுன்னு ஒரு வெளிச்சம். வெவ்வேற ஊர்ல இருந்தவங்க கேமராலயும் ஒரே நேரம் ஒரே இடத்துல பதிஞ்சுது. விண்கல் போய் மோதினது. நம்ம சென்னை என்ஜினியர் சண்முக சுப்பிரமணியன், சந்திரயான்-2 லேண்டர் விக்ரம் விழுந்த இடத்தோட முன்ன எடுத்த படத்தையும் பின்ன எடுத்த படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு புள்ளி புள்ளியாப் பாத்து நாசாவுக்கு மெயில் போட்டாரு, அவங்களும் சரி பாத்துட்டு 2019 டிசம்பர்ல ஆமான்னாங்க. ஒரே கேமராவ நம்பக்கூடாது, மூணு கேமராலயாவது விழணும்.

பாண்டி: மூணு கேமரா.

செல்வம்: ஆமா.

பாண்டி: இந்தப் பார்ட்டிகிட்டயும் மூணு கேமரான்னுதான காசு வாங்குனீங்க? எனக்கு ஒண்ணுதான் தெரியுது. மத்த ரெண்டும் நிலாவுல இருக்கா?

செல்வம்: (பல்லக் கடிச்சு) மெதுவாப் பேசு, பொண்ணோட மாமா நிக்கிறாரு. ஏய், பொண்ணு வருது! லைட்டப் போடு, போடு!

பாண்டி: ஐநூறு.

செல்வம்: முன்னூறு தர்றேன், போடுறா!

பாண்டி: மாமா! கேமரா எத்தன பேசுனீங்க?

செல்வம்: ஐநூறு, ஐநூறு! இப்பவே ஜிபே பண்றேன், லைட்டப் போடு சாமி.

பாண்டி: அமௌண்ட் வந்த சத்தம் கேட்டா லைட்டு தானா எரியும்ணே.