மீந்துபோன இரண்டு தேக்சா பிரியாணி

சென்ற மாதம் குடியாத்தத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். மூன்றாம் பந்தி முடிந்தபோது இரண்டு தேக்சா (பெரிய அண்டா) மட்டன் பிரியாணி தொடப்படாமல் மீந்திருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோதே எங்கள் ஊர் வெயிலில் அது ஊசிப்போய்விட்டது; மாலையில் மண்டபத்தின் பின்புறம் குழி தோண்டிக் கொட்டினார்கள். தேக்சாவுக்குப் பத்துக் கிலோ கறி என்று வைத்தாலும், ஓர் ஆட்டில் எலும்போடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோதான் தேறும் என்பதால், அன்று இரண்டு ஆடுகள் யாருடைய பசியையும் ஆற்றாமல் செத்தன. இறைச்சி உண்பதன் அறத்தைப் பற்றி எவர் பேசினாலும் எனக்கு முதலில் அந்தக் குழிதான் நினைவுக்கு வருகிறது.

நான் கறி உண்பவன், அதை முற்றிலும் விடும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனால் சைவ நண்பர்கள் காட்டும் கணக்கை நான் மறுக்கவில்லை. மனிதர்களால் வெளியாகி, புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் மதிப்பிட்டது. அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் உருவாகும் மீத்தேன் இதற்கு ஒரு பெருங்காரணம். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மாட்டிறைச்சிக்கே இதில் பெரும்பங்கு என்பதும் உண்மை. ஆனால் அதே மதிப்பீட்டில் பசும்பாலுக்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது என்பதைப் பொங்கலில் நெய் ஊற்றிக்கொண்டே மாட்டுக்கறி உண்பவரைக் குற்றவாளியாக்குபவர்கள் ஏனோ சொல்வதில்லை. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பார்த்தால் பாலுக்கும் கறிக்கும் உள்ள உறவு விளங்கும். கலப்பினப் பசு ஈன்ற காளைக்கன்று ஏருக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது. கறவை நின்ற பசுவுக்குத் தீவனம் போட்டுக் கட்டிவைக்கச் சிறு விவசாயியால் முடியாது. பால் குடிக்கும் நாம் அனைவரும் அந்த மாடு போகும் வழியில் பங்குள்ளவர்கள்தான். 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்று சர்ச்சை எழுந்து, கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டதே, அந்தச் சர்ச்சைக்கும் புவி வெப்பமாதலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எவருடைய தட்டு இழிவானது என்ற பழைய பேச்சுக்குச் சுற்றுச்சூழல் என்ற புதுச்சட்டை போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

எனக்கு உண்மையிலேயே விடை கிடைக்காத இடம் ஆட்டுக்கும் கோழிக்கும் நடுவில் இருக்கிறது. வாயுக் கணக்கில் பிராய்லர் கோழி ஆட்டைவிட மேலானது. ஆனால் ஏறத்தாழ நாற்பது நாளில் இரண்டு கிலோ எடைக்கு ஊதவைக்கப்பட்டு, தன் எடையைத் தாங்க முடியாத கால்களோடு, மக்காச்சோளமும் சோயாவும் தின்று கொட்டகையிலேயே முடிந்துபோகும் அந்த வாழ்க்கையை வாழ்க்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் பண்ணை விலங்குகளுக்குத் தரக்கூடாது என்று 2019-ல் அரசு தடை விதிக்க வேண்டிய நிலை வந்ததையும் மறந்துவிட முடியாது. ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மலையடிவாரத்திலிருந்து வரும் ஆடோ மழையில் தழைத்த இலையையும் கருவேலங்காயையும் மேய்ந்து வளர்ந்தது. கிலோ இறைச்சிக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் என்று சொல்லும் உலகச் சராசரியில் பெரும்பகுதி இப்படிப்பட்ட மழைநீர்தான். அதே ஆடு காட்டில் முளைவிடும் கன்றுகளைக் கடித்துத் தீர்க்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆகவே எங்கள் வீட்டில் பிராய்லரை நிறுத்திவிட்டு, மாதம் இரண்டு முறை மட்டும் ஆட்டுக்கறி வாங்குகிறோம். தலைக்கறி, போட்டி (குடல்), கால், ரத்தம் எதையும் விடுவதில்லை. (போட்டியைக் கழுவும் வேலை இப்போது என்னுடையது.) புரதத்துக்கு மலிவான வழி கோழி ஒன்றே என்றிருக்கும் குடும்பத்துக்கு இதை உபதேசமாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

வேலூர்க்காரர்கள் தோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்த பிறகு, பாலாற்றங்கரையில் கிணற்றுநீர் என்ன ஆனது என்பதை வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் யாரும் விளக்கத் தேவையில்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை அன்று பிரிக்கப்படாதிருந்த நம் மாவட்டத்துத் தோல் ஆலைகளின் வழக்கில் உறுதிப்படுத்தி, ஆலை ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. கறி உண்ணாமல் தோல் செருப்பு மட்டும் அணிபவருக்கும் இந்த ஆற்றின் கடனில் பங்கு உண்டு. அந்த ஆலைகளையும் ஷூ கம்பெனிகளையும் நம்பி ஆம்பூரில் எத்தனையோ பெண்களின் வீட்டில் அடுப்பெரிகிறது என்பதால், அவற்றை மூடச் சொல்வதும் எனக்கு எளிதாக இல்லை.

வரும் ஆவணியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் விருந்து என் பொறுப்பு. சமையல் மாஸ்டர் நாற்பது கிலோ கறி சொன்னார். முப்பது போதும் என்று சொல்லிவிட்டேன். பந்தியில் பிரியாணி குறைந்தால் குடும்ப மானம் போய்விடும் என்று பெரியப்பா இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. குறைந்தால் எதிரில் உள்ள கடையிலிருந்து இட்லி வாங்கிக்கொள்ளலாம் பெரியப்பா என்று இங்கேயும் ஒருமுறை எழுதிவைக்கிறேன். அவர் என் பதிவுகளைப் படிப்பவர்தான்.